பழைய கர்னல், புதிய ஜிசிசி

மன்னார்குடிப் பக்கம் வடவாற்றின் கிளை வாய்க்கால்களில் நீர்மட்டம் அளக்கும் ஏஆர்எம் போர்டுகளை நாங்கள் பராமரிக்கிறோம். ஜூன் 12, மேட்டூர் திறப்புக்குள் அவற்றில் ஒரு சென்சார் டிரைவரைச் சேர்த்தாக வேண்டும். போர்டோடு வந்தது லினக்ஸ் 4.9 கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), மற்ற டிரைவர்கள் அதில்தான் ஓடும் என்பதால் அதையே கட்டிக் காக்கிறோம்.

உடன் வேலை பார்க்கும் தம்பி தன் கணினியின் இயங்குதளத்தை டெபியன் 10-இலிருந்து 11-க்கு ஏற்றியிருந்தான். கர்னலில் ஒரு வரி மாறவில்லை. ஆனாலும் பில்ட், அதாவது மூலநிரலை ஓடும் நிரலாக்கும் வேலை, தொடக்கத்திலேயே நின்றது: 'ஒய்ஒய்லாக்' என்ற மாறிக்கு இரண்டு வரையறைகளாம்.

"அண்ணே, கிராஸ் கம்பைலரை மாற்றிப் பார்க்கட்டுமா?"

"அது போர்டுக்கான நிரலைத் தொகுப்பது, அதைத் தொடாதே தம்பி. பிழைக்கு மேல்வரியைப் படி."

அங்கே 'ஹோஸ்ட்எல்டி' என்று இருந்தது: நம் கணினிக்கான நிரலின் துண்டுகளை இணைக்கும் படி. இணைக்கப்பட்டது டிடிசி. அது போர்டில் ஓடுவதல்ல. டிவைஸ் ட்ரீயை (போர்டின் வன்பொருள் விவரக் கோப்பை) தொகுக்க நம் கணினியிலேயே ஓடும் கருவி. அதைக் கட்டுவது கணினியின் சொந்த சி கம்பைலரான ஜிசிசி. அது 8-இலிருந்து 10 ஆகியிருந்தது.

இரண்டு கோப்புகள் ஒரே மாறியை, வரையறை வேறிடத்தில் என்று சொல்லும் 'எக்ஸ்டர்ன்' போடாமல், அறிவித்தால், முன்பு ஜிசிசி அதைக் 'காமன்' பகுதியில் வைக்கும், துண்டுகளை இணைக்கும் லிங்கர் ஒன்றாக்கிவிடும். 2020-இல் வந்த ஜிசிசி 10 இந்தச் சலுகையை இயல்பிருப்பிலிருந்து நீக்கியது. ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு பட்டா இருந்ததை அன்றுதான் கேட்டார்கள்.

பழைய சலுகையைத் திருப்பித் தரும் 'எஃப்காமன்' தெரிவைக் கொடுத்தால் பில்ட் ஓடிவிடும். எனக்கு அதில் சம்மதமில்லை. கோளாறு மூலநிரலில் இருக்கும்போது, ஒவ்வொரு கணினியிலும் யாராவது நினைவாக அதைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா? முதன்மைக் கர்னலில் 2020-இலேயே டிடிசியின் லெக்ஸரில் (உரையைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதியில்) உள்ள அந்த ஒற்றை அறிவிப்பு வரியை நீக்கிவிட்டார்கள். அதையே எடுத்துக்கொண்டோம்.

தம்பி லெக்ஸர் மூலக் கோப்பில் வரியை நீக்கினான், பிழை அசையவில்லை. 4.9-இல் லெக்ஸர் பில்டின்போது உருவாக்கப்படுவதில்லை. முன்பே உருவாக்கி '_ஷிப்ட்' (_shipped) என்ற பின்னொட்டோடு வைத்த சி கோப்புதான் நகலெடுக்கப்படுகிறது. அந்த வரி அதிலும் இருக்கும். இரண்டிலும் நீக்கியதும் பில்ட் முழுவதும் ஓடியது, போர்டும் எழுந்தது.

இந்தத் திருத்தத்தின் பேட்ச் இப்போது எங்கள் கிட் களஞ்சியத்தில் இருக்கிறது. ஜிசிசி 15-க்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: அதன் இயல்புத் தரம் சி23, அதில் ட்ரூ, ஃபால்ஸ் இரண்டும் மொழியின் சொந்தச் சொற்கள். பழைய கர்னல் அவற்றைத் தானே வரையறுப்பதால் மோதும். எக்ஸ்86 (சாதாரண பிசி) கர்னலின் பூட் பகுதி தன் கம்பைலர் தெரிவுகளைத் தனியே எழுதிக்கொள்கிறது, மற்ற பகுதிகளுக்குக் கொடுத்த தரம் அதற்குப் போய்ச் சேராது. பழைய கர்னலில் அந்தத் தெரிவுகள் இருக்கும் மேக்ஃபைல்களில் 'க்னு11' என்ற முந்தைய தரத்தைச் சேர்த்துவிட்டுத் தொடங்குங்கள்.