கூரையைத் தரையாக்கியவர்கள்

நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவில், ஒரு காலத்தில் துறைமுகப் பகுதியாக இருந்த பியோர்விகா கரையில், 2008 ஏப்ரலில் திறக்கப்பட்ட தேசிய ஓபரா அரங்கின் கூரை மீது யார் வேண்டுமானாலும் ஏறி நடக்கலாம். அதற்குச் சீட்டு வாங்கவோ, உள்ளே நடக்கும் நிகழ்ச்சியில் ஆர்வம் கொண்டிருக்கவோ தேவையில்லை. அதை வடிவமைத்த ஸ்னோஹெட்டா நிறுவனத்தின் பணிகளை நான் ஆர்வத்துடன் பின்தொடர்வதற்கு முதற்காரணம் இந்தக் கூரைதான். அண்ணாந்து பார்க்க வைக்கும் கட்டடங்கள் நம் காலத்தில் ஏராளமாக எழுகின்றன; காலாற நடக்கவும் உட்காரவும் இடம் தருபவை மிகக் குறைவு.

நிறுவனத்தின் தொடக்கமே ஒரு போட்டியில்தான். எகிப்தின் அலெக்சாந்திரியாவில் புதிய நூலகம் கட்டுவதற்காக 1989-இல் முடிவான சர்வதேசப் போட்டியில், 500-க்கும் மேற்பட்ட வடிவங்களுக்கிடையே, அதிகம் அறியப்படாத இந்த இளைஞர் குழு வென்றது. 2002-இல் திறக்கப்பட்ட அந்நூலகம், 160 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தட்டு மத்தியதரைக் கடலை நோக்கிச் சாய்ந்து, ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கியது போல அமைந்திருக்கிறது. நேர்வெயில் புத்தகங்களைத் தாக்காமல் மென்வெளிச்சம் மட்டும் வாசிப்பவர் மேசைக்கு வந்துசேரும்படி கூரைச் சாளரங்கள் வடக்கு பார்த்திருக்கின்றன. அஸ்வான் கருங்கல்லால் ஆன வெளிச்சுவரில் உலகின் பல்வேறு எழுத்து வடிவங்கள் கையால் செதுக்கப்பட்டுள்ளன.

ஆஸ்லோ கூரைக்கு வருவோம். இத்தாலியின் கராரா சலவைக்கல் பாவிய அந்தச் சரிவு கடல்நீருக்குள்ளிருந்தே எழுந்து மேலே போகிறது. நீர் தொடும் இடங்களில் மட்டும் நார்வேயின் கிரானைட்டைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கிட்டத்தில் பார்த்தால் அது வழவழப்பான ஒரே தளம் அல்ல. கலைஞர்கள் தொடக்கத்திலிருந்தே வடிவமைப்பில் பங்கேற்று, கற்களில் தாழ்ந்த மேடுகளையும் வெட்டுகளையும் பல வகைச் சொரசொரப்புகளையும் அமைத்திருக்கிறார்கள். எங்கே காலை ஊன்றுவது என்று பார்த்து நடக்கும் பொறுப்பு நடப்பவருடையது. பொதுமக்களை நம்பி ஒப்படைக்கும் இந்தத் துணிவு எனக்கு அழகை விடப் பெரிதாகத் தெரிகிறது. உள்நாட்டுக் கல் இருக்க வெளிநாட்டுக் கல் எதற்கு என்ற சர்ச்சை அங்கே எழுந்தது. பின்னாளில் சலவைக்கல் சில இடங்களில் மஞ்சளித்ததும் உண்மை. ஆயினும் 2009-இல் சமகாலக் கட்டடக்கலைக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் மீஸ் வான் டெர் ரோ விருது இதற்கே கிடைத்தது. உள்ளே, முகப்புக் கூடத்தில் அலைபோல் வளைந்து செல்லும் ஓக் மரச்சுவரைப் படகு கட்டும் தொழிலாளர்கள் செய்து கொடுத்தார்கள். மரத்தை வளைக்கத் தெரிந்த கைகளைத் தேடிப் போனது சரியான முடிவு.

அதே கைத்தொழில் மரபு, காட்டுக் கலைமான்களைப் பார்ப்பதற்காக நார்வேயின் டோவ்ரே மலைப்பகுதியில் 2011-இல் எழுந்த சிறு மண்டபத்திலும் தொடர்கிறது. நிறுவனம் தன் பெயரை எடுத்துக்கொண்ட ஸ்னோஹெட்டா மலை அதன் கண்ணாடி வழியே தெரியும்.

2019-இல் நார்வேயின் தென்கோடியான லிண்டெஸ்னெஸில் அவர்கள் கட்டிய ‘அண்டர்’ உணவகம் பற்றி எனக்கு இரு மனம். பாதி கடலில் மூழ்கிய கான்கிரீட் குழாய், சிப்பிகள் ஒட்டி வளர்வதற்கென்றே சொரசொரப்பாக விடப்பட்ட வெளிப்புறம், கடலடியைக் காட்டும் பெரிய சாளரம் என்று பொறியியலில் அது அருமையான வேலை. ஆனால் விலையுயர்ந்த விருந்துக்கு முன்பதிவு செய்தவருக்கே அந்தச் சாளரம் கிடைக்கிறது. ஆஸ்லோவில் எல்லோருக்கும் கூரையைத் திறந்துவிட்டவர்களிடம் இதைவிடக் கூடுதலாகவே நான் எதிர்பார்க்கிறேன்.