நான்காவது வளையத்தில் வந்த குதிரைகள்

மரத்தில் கடைந்த நான்காவது பொம்மை வளையத்தைச் சனிக்கிழமை மாலை பிளந்தேன். 64 துண்டுகளில் 61 குதிரைகளாக வந்தன. நான்கு காலும் நேராக ஊன்றி நிற்கும் குதிரைகள். பிளந்த ஈரத்தோடு சமையலறை மேசையில் வரிசையாக நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று வளையங்களை விறகாக்கிய பிறகு கிடைத்த வெற்றி இது. பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது.

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், செக் எல்லையை ஒட்டிய எர்ட்ஸ்கெபிர்கே மலைத்தொடரில் இருக்கும் ஸைஃபன் என்ற சிற்றூரின் கைவேலை இது. அங்கே இதற்கு 'ரைஃபன்டிரேயன்' என்று பெயர்; வளையக் கடைசல் என்று சொல்லலாம். ஈர மரத்தட்டு ஒன்றை லேத்தில் ஏற்றி, முன்னும் பின்னும் கடைந்து வளையமாக்கி, அதைக் கேக் வெட்டுவதுபோல் துண்டு துண்டாகப் பிளந்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு விலங்கின் பக்கத்தோற்றமாக வந்து விழும். கடையும்போது குதிரை கண்ணுக்குத் தெரியாது. மேடும் பள்ளமுமாக ஓடும் ஒரு வட்டம்தான் தெரியும். நான் பிறந்த அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைபவர்கள் ஒவ்வொரு பானையாக, ஒவ்வொரு குடமாகக் கடைவதைப் பார்த்து வளர்ந்தவன். ஒரே சுழற்சியில் ஒரு மந்தையையே கடைந்தெடுக்க முடியும் என்பதை ஸைஃபன் பொம்மை அருங்காட்சியகத்தில்தான் முதன்முதலில் கண்டேன். பாதி பிளந்த வளையத்தைப் பார்த்த அன்றே இதைச் செய்தே தீர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

பொம்மை அருங்காட்சியகம் 1953-இல் தொடங்கியது. அதோடு சேர்ந்த திறந்தவெளி அருங்காட்சியகம் 1973-இல் வந்தது. என்னைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் கோயில். 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நீர்ச்சக்கரக் கடைசல் பட்டறை ஒன்று அங்கே இருக்கிறது. ஓடைத் தண்ணீர் சக்கரத்தைச் சுழற்ற, வார்ப்பட்டைகள் வழியாக லேத்துகள் ஓடும். இத்தகைய பட்டறைகளில் கடைசல்காரர்கள் ஆளுக்கொரு லேத்தை வாடகைக்கு எடுத்து வேலை செய்திருக்கிறார்கள். ஊரின் பெயரே ஆற்றுமணலை அரித்து வெள்ளீயம் எடுத்ததிலிருந்து வந்தது; 1324ஆம் ஆண்டு ஆவணத்திலேயே ஊர் குறிப்பிடப்படுகிறது. வெள்ளீயம் குறையக் குறையச் சுரங்கத் தொழிலாளர்கள் மரத்துக்கு மாறினார்கள். வயிற்றுப்பாட்டுக்காக மலிவாகவும் நிறையவும் செய்ய வேண்டிய நெருக்கடியில், 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த வளைய முறை உருவானது. விவிலியக் கதையில் வரும் நோவாவின் பேழை (கப்பல்) பொம்மைப் பெட்டிகளுக்குள் ஜோடி ஜோடியாக அடைக்கப்பட்ட விலங்குகள் இப்படிப் பிறந்தவைதான்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதல் வளையம் மரத்தால் கெட்டது. இந்த வேலைக்கு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம்தான் வேண்டும்; அதுவும் பச்சையாக, தண்ணீர் சொட்டும் பதத்தில். "போன வாரம் வெட்டியது" என்று ஒரு மர வியாபாரி கொடுத்த தண்டு, பட்டை வண்டு தின்று நின்றபடியே காய்ந்துபோன மரம். உள்ளே நீலக்கறை. தட்டின் முகம் முழுக்க நாரின் வெட்டுமுனைதானே! காய்ந்த மரத்தில் உளி வைத்தால் நார் பிய்ந்து பிய்ந்து வந்தது. 2018-க்குப் பிறகு இந்தப் பக்கத்துக் காடுகளில் வண்டு செய்திருக்கும் நாசத்தைப் பார்த்தால் நல்ல ஸ்ப்ரூஸுக்கு இனி அலையத்தான் வேண்டும். இப்போது தனியார் காட்டுக்காரர் ஒருவரிடம் நேரில் போய், குளிர்காலத்தில் வெட்டியதை நானே தேர்ந்தெடுத்து வாங்குகிறேன். ஸ்ப்ரூஸில் கிளைகள் ஆண்டுக்கொரு அடுக்காகச் சுற்றி வரும். இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் அறுத்தால்தான் கணு இல்லாத தட்டு கிடைக்கும். வாங்கியதைத் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

இரண்டாவது வளையத்தை ஒரு பக்கம் கடைந்து முடித்து, மறுபக்கத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று லேத்திலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஆரவாக்கில் இரண்டு விரிசல்கள். ஸ்ப்ரூஸ் காயும்போது வளையத்தின் சுற்றுப்போக்கில் சுருங்குவது, ஆரப்போக்கில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுற்றிச் சுருங்க இடமில்லாவிட்டால் மரம் வெடிக்காமல் என்ன செய்யும்? விரிசல் விழுந்த வளையத்தை மறுபடி சுழற்றுவது உயிரோடு விளையாடுவது. அடுப்புக்குப் போனது.

மூன்றாவது வளையத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் என் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான்.

இதில் குதிரையின் உயரம் மரத்தின் நாரோட்டத்திலும், நீளம் ஆரத்திலும் அமைகிறது. கால்கள் நாரோடு ஓடுவதால்தான் அவ்வளவு மெல்லிய கால் ஒடியாமல் நிற்கிறது. முதலில் தட்டின் ஒரு முகத்தில் வயிறும் கால்களும். பிறகு தட்டைத் திருப்பி ஏற்றி மறுமுகத்தில் முதுகு, கழுத்து, தலை. கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒன்றையொன்று பார்க்காமலே பொருந்த வேண்டும். திருப்பி ஏற்றும்போது மையம் ஒன்றரை மில்லிமீட்டர் விலகினால் என்ன ஆகும் தெரியுமா? மூன்றாவது வளையத்தைப் பிளந்து, வந்த வரிசையிலேயே வட்டமாக அடுக்கினேன். ஒரு பக்கத்துக் குதிரைகளுக்கெல்லாம் தலை முன்னால் தள்ளி, முன்னங்கால்கள் பின்தங்கியிருந்தன. எதிர்ப்பக்கத்துக் குதிரைகள் எல்லாம் பின்னங்காலில் உட்காரப் போவதுபோல் இருந்தன. இடையில் இருந்தவை மட்டும் சரி. மையம் எந்தத் திசையில் விலகியது என்பதை அந்தக் குதிரைகளே காட்டிக்கொடுத்துவிட்டன.

மறுபடி ஸைஃபனுக்குப் போனேன். பட்டறையில் கடைசல் காட்டும் பெரியவர் திருப்பி ஏற்றும் அந்த அரை நிமிடத்தை மட்டும் கவனித்தேன். கையால் மெல்லச் சுற்றுகிறார், சுத்தியலால் விளிம்பில் ஒரு தட்டு, மறுபடி சுற்று, இன்னொரு தட்டு. மையம் நின்றுவிட்டது. அது பல ஆண்டுக் கை. எனக்கு அந்தக் கை இல்லாததால் வேறு வழி தேடினேன்.

வழி இதுதான். குதிரையின் வால் பக்கத்துக்கு வெளியே, தட்டின் விளிம்பில் 6 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பட்டையை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். முதல் முகத்தை ஏற்றியிருக்கும்போதே, கழற்றுவதற்கு முன், அந்தப் பட்டையை லேத்தின் அச்சுக்குத் துல்லியமாகக் கடைந்துகொண்டேன். காலின் நுனியைவிட 2 மில்லிமீட்டர் உயரமாகவும் விட்டேன். பிறகு காய்ந்த பீச் மரத்தில் ஒரு கிண்ணம் கடைந்து, பட்டை அதற்குள் கொட்டாப்புளியால் தட்டினால் இறுகுகிற அளவுக்குச் சற்றே சரிவு வைத்தேன். தட்டு பட்டையில் உட்காருகிறது. கால்நுனி கிண்ணத்தின் அடியைத் தொடுவதே இல்லை, அதனால் நசுங்குவதும் இல்லை. மைய விலகலை முள் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். முதல் ஏற்றத்தில் 0.8 மில்லிமீட்டர். உயர்ந்த இடத்தில் இரண்டு தட்டுத் தட்டியதும் 0.2. அதற்கு மேல் பேராசைப்படவில்லை.

இந்தப் பட்டையில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நாரோட்டம் நேராக மேலே போவதால், பிளந்த பிறகு ஒவ்வொரு குதிரையின் பின்னாலும் நிற்கும் அந்தத் துண்டு, கத்தியை வைத்து ஒரு தட்டு தட்டினால் சுத்தமாக உதிர்ந்துவிடுகிறது.

உளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயிற்றுக்கு அடியில், இரண்டு கால்களுக்கு நடுவில் போகக் கடையில் விற்கும் எந்த உளியும் ஆகாது. சதுர எஃகுக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, கொக்கிபோல் வளைத்து, துவைச்சல் கொடுத்து நானே செய்துகொண்டேன். வாய் 5 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 500 சுற்று வேகத்தில் ஈர மரத்தில் அது இறங்கும்போது சுருள் நூடுல்ஸ்போல் முகக்கவசத்தில் வந்து ஒட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தீட்டுக்கல். மழுங்கிய உளி காலைப் பிடித்திழுத்தால் 64 குதிரைகளுக்கும் ஒரே நொடியில் கால் போய்விடும்.

இரண்டு முகத்தையும் ஒரே நாளில் முடித்தேன். ஐந்து மணி நேரம். தேநீர் குடிக்கப் போனபோதுகூட ஈரத்துண்டைப் போர்த்திவிட்டுத்தான் போனேன். கடைசியில் நடுத்தண்டைத் துண்டித்து வளையத்தை எடுத்தேன். விளிம்புப் பட்டை நீங்கலாக வெளிவிட்டம் 260 மில்லிமீட்டர், உள்விட்டம் 160. தலை உள்பக்கம், பின்புறம் வெளிப்பக்கம். 64 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு: கனமான பக்கத்திலிருந்து மெல்லிய பக்கத்துக்குப் பிளப்பு ஓடிவிடும் என்பதால் எப்போதும் சரிபாதியாகவே பிளக்க விரும்பினேன். இரண்டு, நான்கு, எட்டு என்று போனால் 64-இல் முடிகிறது. அப்படிப் பிளந்தால் பின்புறம் 13 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, தலைப்பக்கம் 8. முகம் ஒல்லி, பின்புறம் பருமன், குதிரைக்குப் பொருத்தம்தானே. கெட்டுப்போன மூன்றும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருந்தவை. கண்ணுக்குத் தப்பிய ஒரு ஊசிக்கணு அங்கே ஒளிந்திருந்தது.

இன்னும் வேலை பாக்கி. இடக்கால் வலக்கால் பிரிக்க வேண்டும், முனைகளைக் கத்தியால் உருட்ட வேண்டும், தோலில் காது, நூலில் வால், பிறகு வண்ணம். பத்துக் குதிரைக்குத்தான் கால் பிரித்திருக்கிறேன். அதற்குள் மனம் யானைக்குப் போய்விட்டது. தும்பிக்கை நாரோட்டத்தில் தொங்கும் என்பதால் ஒடியாது. ஆனால் தந்தத்தைத் தனியாகத்தான் ஒட்ட வேண்டியிருக்கும். அதோடு, லிண்டன் என்ற மென்மையான மரத்தின் குச்சியில் உளியால் சுருள் சுருளாகச் சீவி நிறுத்தி மரமாக்கும் ஸைஃபன் வேலை ஒன்றும் இருக்கிறது. அதற்காக நான்கு லிண்டன் கட்டைகளை வாங்கிக் காய வைத்துவிட்டேன். லிண்டனுக்கு ஸ்ப்ரூஸுக்கு நேர்மாறாக நன்கு காய்ந்த மரம் வேண்டும்.

கிண்ணத்தின் சரிவை எத்தனை பாகை வைப்பது என்று யாருக்காவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள். நான் கண்ணளவில் வைத்தேன். ஈர வளையம் மூன்றாவது மணி நேரத்தில் ஒருமுறை தளர்ந்தது, காகிதம் செருகித்தான் சமாளித்தேன். யானைக்கான தட்டு தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது, 75 மில்லிமீட்டர் கனம். அடுத்த சனிக்கிழமை ஏற்றுகிறேன்.