மாசி வீதியில் சாப்பிட்டுக்கொண்டே ஒரு நாள்

வெளியூர்ச் சொந்தக்காரர்களை மதுரை சுற்றிக் காட்டுவதென்றால் எப்போதும் ஒரே பட்டியல்தான்: கோயில், மகால், ஜிகர்தண்டா, மாலை ரயில். விருந்தாளி யாரும் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிட்டு நானும் நண்பனும் நடந்தே கிளம்பினோம். ஒரு கடையில் ஒரு அயிட்டம்தான், அப்புறம் நடை என்பது ஒப்பந்தம்.

முதலில் தெற்கு மாசி வீதிப் பக்கம் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் அரிசிமாவும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டிருப்பார்கள். தள்ளுவண்டிக்காரர் ஒவ்வொரு டம்ளருக்கும் அகப்பையை அடிவரை விட்டுக் கிண்டித்தான் ஊற்றினார். அப்படிக் கிண்டாவிட்டால் முதலில் வந்தவருக்குத் தண்ணீரும் கடைசியில் வந்தவருக்குக் கூழும்தான் கிடைக்கும். "சுக்கு தூக்கலா போடவாண்ணே?" என்று கேட்டார். போடச் சொன்னோம். மேலே தூவிய தேங்காய்ப்பூ கடைசி மடக்கு வரை பல்லில் பட்டுக்கொண்டே இருந்தது. காபியெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அங்கிருந்து சித்திரை வீதி. வண்டிகளை விடாததால் கோயிலைச் சுற்றி நிம்மதியாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கலாம். நான்கு கோபுரங்களில் உயரம் தெற்குக் கோபுரம்தான், சுமார் 170 அடி. இந்த ஊர் வீதிகள் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று அடுக்கடுக்காக விரியும். ஆனால் சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். மாசியில் நடந்துவந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், தேர் மட்டும் பழைய பாதையை விடவில்லை என்பார்கள்.

மதிய வெயிலில் மதுரையில் நடப்பது வீண்வேலை. சொந்த ஊரில் சுற்றுவதில் பெரிய சௌகரியமே இதுதான். வீட்டுக்குப் போய் மின்விசிறிக்குக் கீழே நன்றாகத் தூங்கிவிட்டு, நாலரைக்கு மேல் திரும்பி வந்தோம்.

மகாலுக்குள் இந்த முறை போகவில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது பத்துத்தூண் சந்து. நாயக்கர் அரண்மனையின் மிச்சமாகக் கருங்கல் தூண்கள் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. ஒரு தூணில் துணிப் பொட்டலங்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். இன்னொன்றில் ஒருவர் முதுகைச் சாய்த்துப் போன் பேசிக்கொண்டிருந்தார். டிக்கெட், கம்பிவேலி எதுவும் கிடையாது. எனக்கென்னவோ இதுதான் சரி என்று பட்டது.

பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா முள்ளுமுருங்கை வடை சுட்டுக்கொண்டிருந்தார். பெயர்தான் வடை, பார்வைக்குப் பச்சைப் பூரி. அரிசியோடு முள்ளுமுருங்கை இலையை அரைத்து, வட்டமாகத் தட்டி எண்ணெயில் போட்டதும் உப்பி எழுகிறது. எடுத்துக் காகிதத்தில் வைத்து மேலே காரப்பொடி தூவித் தருகிறார். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. சளிக்கு நல்லது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். எங்களுக்குச் சளி இல்லை, ஆனாலும் ஆளுக்கு மூன்று சாப்பிட்டோம்.

இரவு கறிதோசை. கனமான தோசை மேல் முட்டை, அதற்கு மேல் கொத்துக்கறி, அப்படியே திருப்பிப் போட்டு வேகவிட்டு மசாலாக் குழம்போடு வந்தது. ஒன்றை இரண்டு பேர் பங்கு போட்டால்தான் அடுத்த கடைக்கு இடமிருக்கும்.

கடைசியாக விளக்குத்தூண். 1840களில் கோட்டை மதிலை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்கு அது. மதிலை இடிக்கும் வேலையில் இருந்தவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். இன்று அந்த விளக்கை நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு. எல்லோரும் பார்ப்பது ஜிகர்தண்டா டம்ளரை. ஐஸ்கிரீமைத் தவிர்த்துவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கடல்பாசியும் நன்னாரியும் சுண்டக் காய்ச்சிய பாலும் அப்போதுதான் தனித்தனியாக நாக்குக்குத் தெரியும்.