100ஆம் இலக்க பஸ்ஸும் ஒரு ஃபார் லூப்பும்

மூன்று வாரமாக நான் பெருமையடித்துத் திரிந்த விஷயம் சுத்தப் பொய் என்று போன ஞாயிறு இரவு தெரியவந்தது. பொய் சொன்னது என் நிரல். நம்பியது நான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பாவம், என் மச்சானும் அலுவலகத்தில் இரண்டு பேரும்.

கணினிக்குள் ஒவ்வொரு ஆளுக்கும் (இவர்தான் 'ஏஜெண்ட்') சின்ன விதியொன்றைக் கொடுத்து, எல்லோரும் சேர்ந்தால் என்ன நடக்கிறது என்று ஓட்டிப் பார்க்கும் மாதிரிகள் என் பொழுதுபோக்கு. அக்கம்பக்கத்தாரைப் பார்த்து ஆட்கள் வீடு மாறும் ஷெல்லிங்கின் குடியிருப்புப் பிரிவினை, பக்கத்துப் பறவையைப் பார்த்துப் பறக்கும் ரெனால்ட்ஸின் பறவைக்கூட்டம் எல்லாம் இந்த வகையில் பிரபலம், அவற்றை விட்டு நேரே பஸ்ஸுக்கு வருகிறேன். நான் செய்வது புறக்கோட்டையிலிருந்து காலி வீதி வழியாகப் பாணந்துறைக்குப் போகும் 100ஆம் இலக்கத்தின் மாதிரி. வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் மூன்று மாலை கொப்பியோடு நின்றேன். ஒரு மாலை 11 நிமிடம் ஒன்றுமே இல்லை, அப்புறம் நான்கு பஸ் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. (ஒரு நடத்துநர் கொப்பியைப் பார்த்துவிட்டு, "தம்பி, டைம் கீப்பரா?" என்று கேட்டார். இல்லை அண்ணை, சும்மா எழுதுறன் என்றேன். நம்பவில்லை.)

பஸ்கள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன என்பது பழைய கதை, நியூவெல்லும் பாட்ஸும் 1964லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்: பிந்திய பஸ்ஸுக்குத் தரிப்பில் ஆள் கூட, ஆள் கூடினால் ஏற்ற நேரம் கூட, அது இன்னும் பிந்தும், பின்னால் வருவதற்கு ஆளில்லாததால் அது வந்து முட்டும். நம் ஊர்த் தனியார் பஸ்ஸில் இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அன்றைய வசூலைப் பொறுத்துத்தான் சாரதிக்கும் நடத்துநருக்கும் கை நிறையும் என்பதால் பின்னால் பஸ் தெரியாதவரை ஊர்வார்கள், கண்ணாடியில் தெரிந்த நொடியில் பறப்பார்கள். அந்த ஒரு விதியைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி.

நெட்லோகோ என்ற மாதிரி ஓட்டும் மென்பொருளில் இருந்தவரை ஒரு பிரச்சினையும் இல்லை. 24 பஸ், 34 தரிப்பு, பஸ் கூட்டம் அழகாக உருவாகிக் கலைந்தது. பயணிகள் கூடியதும் மெதுவாகிவிட்டது என்று பைதன் மொழிக்கும் அதில் இப்படி மாதிரி எழுத உதவும் மெஸா என்ற தொகுப்புக்கும் மாறினேன். அங்கேதான் சனி பிடித்தது. பழைய பாடக்குறிப்பு ஒன்றை வைத்து எழுதினால் யார் எந்த வரிசையில் நகர்வது என்று பார்த்துக்கொள்ளும் ஷெட்யூலர் என்ற பகுதியையே காணோம், மெஸா 3இல் அதைத் தூக்கிவிட்டார்களாம். எரிச்சலில் நானே ஒரு ஃபார் லூப் (பட்டியலில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து இயக்கும் கட்டளை) எழுதினேன். பஸ் 0, பஸ் 1, பஸ் 2, அப்படியே 23 வரை. ஓட்டினால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு 'தலைவன் பஸ்' தோன்றியது, அது ஆட்களை அள்ளிக்கொண்டு போக மற்றவை வெறுமையாகப் பின்னால். யாரும் சொல்லாமல் தலைமை உருவாகிறது, பார்த்தீர்களா என்று அளந்தேன்.

ஞாயிறு இரவு, வேறு ஒரு பிழையைத் தேடும்போது, அந்த பஸ் பட்டியலை ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் போட்டேன். பஸ், தரிப்பு, பயணி, வேகம் எதையும் தொடவில்லை. தலைவன் போயே போய்விட்டான்.

யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரே தரிப்பில் இரண்டு பஸ் நின்றால், பட்டியலில் முன்னால் இருப்பது எல்லோரையும் ஏற்றிவிடும், மற்றது வீதியில் முன்னாலேயே வந்திருந்தாலும். நெட்லோகோவின் 'ஆஸ்க்' கட்டளை ஒவ்வொரு தடவையும் வரிசையைத் தானே குலுக்கிவிடும், அதனால் இத்தனை நாள் தப்பித்திருக்கிறேன். சரி, குலுக்கினேன். கூட்டம் சேர்வது அப்படியே இருந்தது (இருக்கத்தான் வேண்டும்), தலைவன் இல்லை. ஆனால் குலுக்கலிலும் மனம் ஒப்பவில்லை. என் மாதிரியில் நேரம் நகரும் ஒரு படி, அதாவது ஒரு டிக், 10 விநாடி. முதலில் நகர்ந்த சாரதி பின் பஸ்ஸின் பழைய இடத்தைப் பார்க்கிறார், கடைசியாக நகர்பவர் புது இடத்தைப் பார்க்கிறார். ஒரே தெருவில் இரண்டு கடிகாரம்.

அதனால் எல்லோரும் முதலில் பார், பிறகு ஒன்றாகச் செய் என்று இரண்டாகப் பிரித்தேன். அடுத்த கூத்து: தரிப்பில் 12 பேர், இரண்டு பஸ்ஸும் 12 பேரைப் பார்த்தன, இரண்டும் 12 பேரை ஏற்றின. பாணந்துறையில் 24 பேர் இறங்கினார்கள்.

இதில் நான் தனியாள் இல்லை என்பது ஆறுதல். 1992இல் நோவாக்கும் மேயும் கைதிச் சிக்கலை (ஒத்துழைப்பதா, ஏமாற்றுவதா என்று இருவர் ஆடும் ஆட்டம்) கட்டங்களில் ஓட்டி, ஒத்துழைப்பவர்கள் கம்பளம் மாதிரி விரிந்து பிழைப்பதைக் காட்டினார்கள். 1993இல் ஹூபர்மனும் கிளான்ஸும் அதையே எல்லோரும் ஒரே நேரத்தில் மாறாமல் ஆளுக்கொரு நேரத்தில் மாறும்படி ஓட்ட, ஒத்துழைப்பு செத்துப்போனது. அப்படியில்லை, பல நிலைகளில் நிலைக்கிறது என்று 1994இல் பதில் வந்தது. உயிரியலோ பொருளாதாரமோ, யார் முதலில் கை நீட்டுகிறார் என்பதை எழுதாமல் விட்டால் கணினி தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்கிறது. சூழலியல் படிக்கும் நண்பனிடம் சொன்னேன், அவன் மாதிரியில் ஒரே முயலை இரண்டு நரி தின்றிருந்ததாம்.

இப்போது ஏற்றும் உரிமையைப் பஸ்ஸிடமிருந்து பிடுங்கிப் பயணியிடம் கொடுத்திருக்கிறேன். நெரிசலையும் வாசல் தூரத்தையும் பார்த்து ஆளே ஒன்றைத் தேர்வு செய்கிறார், இடமில்லாவிட்டால் தரிப்பிலேயே நிற்கிறார். பயணிகளே ஆயிரக்கணக்கில் ஏஜெண்டாகிவிட்டதால் மடிக்கணினி மூச்சுத் திணறியது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் 8 ஜிபி ரேம் வாங்கிப் போட்டேன். விலையைச் சொல்லமாட்டேன், வீட்டில் வாசிப்பார்கள்.

இது முடிந்தால், முடியாவிட்டாலும், அடுத்தது வன்னிக் குளங்கள். பாலித் தீவில் 172 சுபாக் நீர்ப்பாசனக் குழுக்களை லான்சிங்கும் கிரெமரும் மாதிரியாக்கி, ஒவ்வொரு குழுவும் அயல்காரனில் நன்றாக விளைந்தவனின் விதைப்பு முறையைப் பின்பற்றினாலே தண்ணீரும் பூச்சியும் சமாளிபடும் ஒழுங்கு தானாக வருகிறது என்று காட்டினார்கள். மேல் குளத்தின் வழிவு கீழ் குளத்துக்கு வரும் நம் தொடர் குளங்களில் அது என்ன ஆகும்? மேலிருப்பவனுக்குக் கீழிருப்பவனைப் பார்க்க என்ன தேவை? வவுனியாவில் மாமா இருக்கிறார், வாய்க்கால் சண்டை எல்லாவற்றுக்கும் அவரே களஞ்சியம்.

பஸ்ஸின் இன்றைய நிலை: வெவ்வேறு ரேண்டம் சீட்டில் (உட்காரும் சீட் அல்ல, கணினியின் குலுக்கல் எங்கே தொடங்கும் என்று சொல்லும் எண்) 200 ஓட்டம். ஏறியவர், இறங்கியவர், நிற்பவர் கணக்கு 199இல் ஒத்துப்போகிறது. மிச்ச ஒன்றில் தெஹிவளைக்கும் கல்கிசைக்கும் நடுவில் ஒருவரைக் காணவில்லை. பஸ் நிரம்பும் அதே டிக்கில்தான் விழுகிறார் என்று சந்தேகம். இன்றிரவும் அவரைத்தான் தேடுகிறேன்.