ஊக்கு ஓட்டைகள்

நவம்பர் 26, 2024

அம்மாவின் பயாப்ஸி ஸ்லைடு லேபுக்குப் போய்விட்டது. ஒரு வாரம் என்றார்கள். சாயங்காலம் பரணில் ஏறி, ஓடாத டேபிள் ஃபேனின் கூண்டைக் கழற்றி, துரு போக உப்புத்தாளால் தேய்த்தேன். விளக்குக்குக் கூடு ஆகும்.

நவம்பர் 27

பாத்திரக்காரருக்குப் போடவென்று அம்மா கட்டிவைத்திருந்த மூட்டையைக் கட்டிலில் கொட்டினேன். பதினொரு புடவை. அம்மாவுக்குக் கோபம். "ஒரு எவர்சில்வர் டப்பாவாச்சும் தேறும். நீ கிழிச்சு லைட்டு மாட்டப் போறியா?" டப்பா நான் வாங்கித் தருகிறேன் என்றேன். "வாங்கினா அது செலவு. துணிக்குக் கெடைச்சாதான்டி லாபம்."

ஒவ்வொன்றிலும் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, தொட்டால் பொடியாகும் சாம்பல். பாலியஸ்டர் சுருண்டு உருகி, கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். பதினொன்றில் ஏழு பாலியஸ்டர். துவைத்த ராத்திரியே காயும், இஸ்திரி வேண்டாம். காலை 7.10 பஸ்ஸைப் பிடிக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்? பருத்தி நாலுதான். அதில் மஞ்சள் சுங்குடியை அம்மா எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 29

ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு, நீலப் புடவையை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துத் தோய்த்து, ஊதிய பலூன்மேல் சுற்றினேன். ஒரே ராத்திரியில் காய்ந்துவிடும் என்று வீடியோவில் சொன்னவர் எந்த ஊரோ. இங்கே விடிய விடிய மழை. கொடித் துணியே காயவில்லை.

நவம்பர் 30

புயல். மத்தியானமே கரண்ட் போய்விட்டது. விளக்கு செய்கிறவள் வீட்டில் மெழுகுவர்த்தி.

புதுச்சேரி பக்கம் கரையைக் கடக்கும், கடக்கும் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். "வர்றதுன்னா வந்து தொலைய வேண்டியதுதானே" என்றாள் அம்மா. நான் எதுவும் பேசவில்லை.

டிசம்பர் 1

கரையைக் கடந்தும் நகராமல் அங்கேயே நிற்கிறதாம். பலூனை உடைத்தேன். உருண்டை ஒரு நிமிஷம் நின்றது, அப்புறம் மெதுவாக ஒரு பக்கம் உட்கார்ந்துகொண்டது. உள்ளே பூஞ்சை வாடை. குப்பைக்குப் போயிற்று ஒரு புடவை.

டிசம்பர் 3

ஒரு வாரம் ஆயிற்று. ஃபோன் செய்தேன். "இன்னும் டைப் ஆகலை மேடம்."

டிசம்பர் 5

காலையில் அம்மா தானாகவே சுங்குடியை என் மடியில் போட்டாள். "இதையும் கிழி. வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்." அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவளை அடிக்கலாம்போல் இருந்தது. பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

இந்தத் தடவை பசையே கிடையாது. முந்தானைப் பக்கமாக ஒன்றரை கெஜம் வெட்டி, நீள ஓரம் இரண்டிலும் பாவாடை நாடா கோத்து, கூண்டின்மேல் இழுத்துச் சுருக்கிக் கட்டினேன். அழுக்கானால் அவிழ்த்துத் துவைக்கலாம். குண்டு பல்பு போட்டால் சூட்டில் துணி கருகும். 5 வாட் எல்.இ.டி. போட்டேன், துணிக்கும் பல்புக்கும் நடுவில் நாலு விரல் இடம் விட்டு. ஹோல்டர், வயர், பின் எல்லாம் சேர்த்து 140 ரூபாய்.

ஏழு மணிக்குச் சுவிட்சைத் தட்டினேன். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த புள்ளிகள், ஒன்றுபோல் ஒன்று இல்லை. அதைத்தான் எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது ஒரு ஓரத்தில் இருந்தது. உள்ளங்கை அளவு இடத்தில், புள்ளிகளுக்கு நடுவே, ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம். பூச்சி அரித்தது என்றுதான் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டிரண்டாக இருக்கின்றன, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே இடைவெளி. சிலவற்றைச் சுற்றித் துரு வளையம். தோளில் ஊக்குக் குத்திய இடம். பஸ் நெரிசலில் முந்தானை நழுவாமல் இருக்க, எத்தனை வருஷம்.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "ஊக்கைக் கழட்டாமத் துவைச்சிருக்கேன் பாரு, அதான் துரு" என்றாள். அவ்வளவுதான்.

டிசம்பர் 6

மெழுகில் பதித்த சதைத் துண்டை, அவர்கள் பாஷையில் பிளாக்கை, இன்னொரு ஸ்டெயினுக்கு, சாயம் ஏற்றிப் பார்க்க, வெளியே அனுப்பியிருக்கிறார்களாம். இன்னும் ஐந்தாறு நாள். அது என்ன ஸ்டெயின், எதற்குப் போடுவார்கள் என்று இரண்டு மணிவரை தேடினேன். தேடியிருக்கக் கூடாது.

விளக்காம், விளக்கு.

டிசம்பர் 8

தூக்கம் இல்லை. ஓட்டைகளை எண்ணினேன். 61.

டிசம்பர் 9

64.

டிசம்பர் 10

எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, ஆன்லைனில் போட்டால் ஆயிரத்தைந்நூறுக்குப் போகும், இந்த மாதிரி பத்து செய்யேன் என்றார். அம்மா படுத்தபடியே, "பத்துக்கு நான் எங்க போறது" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். எனக்குத்தான் நிற்கவில்லை.

அப்புறம் மிச்சமிருந்த ஒரு பாலியஸ்டரையும் மாட்டிப் பார்த்தேன். எல்.இ.டி. என்பதால் உருகவில்லை. ஆனால் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு வருகிறது, ஆஸ்பத்திரித் திரைச்சீலை மாதிரி. அவிழ்த்துவிட்டேன்.

டிசம்பர் 12

செஸ்ஸில் குகேஷ் உலக சாம்பியன். பதினெட்டு வயசு. ஜெயித்துவிட்டுப் போர்டு முன்னாலேயே அழுதான். "எத்தனை நாள் அடக்கி வச்சிருந்தானோ" என்றாள் அம்மா, டி.வி.யைப் பார்த்தபடி. நான் விளக்கின் நாடாவைச் சரிசெய்யப் போனேன். அது சரியாகத்தான் இருந்தது.

62.

டிசம்பர் 13

கார்த்திகை. விடிந்ததிலிருந்து தூறல். கடையில் திரி வாங்கிவந்தேன், அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அப்பாவின் கிழிந்த வேட்டியைக் கேட்டாள். கட்டிலில் சாய்ந்து, துண்டுதுண்டாகக் கிழித்துத் தொடையில் வைத்து உருட்டுகிறாள். "திருவண்ணாமலை மேல ஏத்துறதும் துணித் திரிதான், காடாத் துணி, ஆயிரம் மீட்டருக்கு மேல போகுமாம். நீ என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி ஃபேன் கூண்டோட அலையிற."

4.40க்கு மெசேஜ் வந்தது. ரிப்போர்ட் தயார், கவுன்ட்டரில் வாங்கிக்கொள்ளவும். கவுன்ட்டர் எட்டு மணிவரை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒன்பது திரி உருட்டியாயிற்று. இருபத்தொன்று வேண்டும் என்கிறாள்.