வளைந்த கூரை ஒன்றை வடிவமைத்த அனுபவம்

கட்டடக்கலைப் படிப்பின் நான்காம் ஆண்டில், ஸ்டுடியோ எனப்படும் வடிவமைப்பு வகுப்பில் சிறிய நூலகம் ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். சுவரும் கூரையும் முட்டை ஓடு மாதிரி வளைந்த ஒரே மெல்லிய ஓடாகத் தரையிலிருந்து எழும் கட்டடம் செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. பேராசிரியர் தடுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்த வளைவு ஏன் இங்கே இருக்கு? ஒரு அடி தள்ளி இருந்தால் என்ன?"

அடுத்து செய்ததெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான். கணினியில் மேற்பரப்பை இழுத்து இழுத்து அழகாக்கிவிடலாம். அப்படி வந்த வளைவுக்குக் காரணம் சொல்ல முடியாது, கட்டுவதும் கஷ்டம். சிட்னி ஓப்பரா ஹவுஸ் பட்ட பாடு இதுதான். 1957 வடிவமைப்புப் போட்டியில் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் வரைந்த ஓடுகளுக்குக் கணித வரையறை கிடையாது. எல்லாவற்றையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் துண்டுகளாக மாற்றிய பிறகுதான், அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வார்க்க வழி பிறந்தது.

எனக்குப் பொருந்திய விதி, ஸ்பெயின் கட்டடக் கலைஞர் கௌடியும் சுவிஸ் பொறியாளர் ஹைன்ஸ் இஸ்லரும் கையாண்டது. தொங்கும் சங்கிலியில் இழுவிசை மட்டுமே உண்டு. அதே வடிவத்தைத் தலைகீழாக்கினால், தன் எடையை அமுக்கவிசையாலேயே தாங்கி நிற்கும். ஒரு பருத்தித் துணியை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலில் நனைத்து, கட்டடம் கால் ஊன்றும் இடங்களில் மட்டும் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டேன். இறுகியதும் திருப்பி வைத்தால் கூரை! கட்டிய முனைகளில் துணி கொசுவம் வைத்த மாதிரி மடிப்பு மடிப்பாகச் சேர்ந்திருந்தது. தேய்த்துச் சமப்படுத்திவிடலாம் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. சுமை வந்து குவிவது அங்கேதான். அந்த இடத்துக்கு விறைப்பைத் தருவதும் அந்த மடிப்புகள்தான். கடைசிவரை வைத்துக்கொண்டேன்.

சரி, இதை வரைவது எப்படி? மாடலைச் சுற்றிப் படமெடுத்து, அவற்றிலிருந்து மெஷ் (கணினியில் வடிவத்தைக் காட்டும் வலை) உருவாக்கி, ரைனோ என்ற முப்பரிமாண மென்பொருளில் மேற்பரப்பாக மாற்றினேன். இது சுலபமாகவே முடிந்தது. பிளான்தான் படுத்திவிட்டது. சாதாரணக் கட்டடத்தை ஓர் உயரத்தில் வெட்டி பிளான் வரைந்தால் போதும். இங்கே சுவர் உள்பக்கம் சாய்வதால் முழங்கால் உயரத்தில் இருக்கும் இடம் தலை உயரத்தில் இருக்காது. பல உயரங்களில் வெட்டி, கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். 2.1 மீட்டருக்குக் கீழே கூரை இறங்கும் பகுதி பெரிய வளையமாகத் தெரிந்தது. அதை வீணான இடம் என்று ஒதுக்க விருப்பமில்லை. குழந்தைகள் உட்கார்ந்து படிக்கும் திண்ணையும் தாழ்வான அலமாரிகளும் அங்கே போயின. திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இன்றும் அதுதான்.

கான்கிரீட் ஓடு என்றால் சென்ட்ரிங் வேலையே கட்டடத்தைவிடப் பெரிதாகிவிடும். கான்கிரீட் ஓடுகளுக்குப் பேர்போன கட்டடக் கலைஞர் ஃபெலிக்ஸ் காண்டெலா தன் ஓடுகளுக்கு நேரான பலகைகளையே வைத்து அச்சு அடித்தார். அவர் பயன்படுத்திய, குதிரைச் சேணம் போல வளையும் ஹைப்பர் வடிவத்தில் நேர்கோடுகள் ஒளிந்திருப்பதால் அது முடிந்தது. என் வடிவத்தில் அந்த வசதி இல்லை. அதனால் ஜெர்மன் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோவின் பங்களிப்பில் 1975-இல் ஜெர்மனியின் மன்ஹைமில் எழுந்த முல்டிஹாலே மண்டபத்தைப் பின்பற்றினேன். அதன் வடிவமும் தொங்கும் மாடலிலிருந்து கிடைத்ததே. மெல்லிய மரச் சட்டங்களைத் தட்டையான வலையாகப் பின்னி, கீழிருந்து உயர்த்தி வளைத்தார்கள். என் கூரையும் மரவலை ஆனது; சட்டங்கள் வளைய மறுக்கும் மடிப்புப் பகுதிகளைக் கான்கிரீட் பாதங்களாக்கினேன். மேலே போர்த்த முக்கோணத் தகடுகள். எந்த மூன்று புள்ளிகளும் ஒரே தளத்தில் அமையும், நான்காவது வந்தால் தகட்டை முறுக்க வேண்டியிருக்கும்.

திட்டத்தை மதிப்பிடும் ஜூரியில் வடிவத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டார்கள். பிளாஸ்டர் மாடலின் உச்சியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். பெரும்பகுதி மடிப்புகளின் வழியே பாதங்களுக்கு ஓடியது. வடிகால் குழிகளை நான் வரைந்திருந்ததும் அங்கேதான்.