டொரோண்டோல ஒரு மாசம் ஓட்டுறதுக்கு

சம்பளம் வந்த அன்னைக்கே பாதி வாடகைக்குப் போயிடுது. ஸ்கார்பரோல ஒரு பேஸ்மென்ட், ஒரே ரூம், ஜன்னல்னு பேருக்கு ஒரு ஓட்டை, அதுல பனி குவிஞ்சா பகல்லயே லைட் போடணும், இதுக்கு 1,450 டாலர், குடி வரும்போதே முதல் மாசம் கடைசி மாசம் ரெண்டுக்கும் சேத்து எண்ணி வச்சேன். பஸ், ரயிலுக்கு டிடிசி மாச பாஸ் 156. காரெல்லாம் இப்போதைக்கு இல்ல, இன்சூரன்ஸ் எவ்ளோன்னு கேட்டதுக்கே தல சுத்திடுச்சு. கடையில ஒட்டியிருக்கிற விலைய நம்பாதீங்க, பில்லுல 13% எச்எஸ்டின்னு விற்பனை வரி ஏறும், நல்லவேளை அரிசி, பால், காய்கறிக்கு அது கிடையாது, அதனால சமையல் வீட்லதான், 350க்குள்ள முடிச்சிடுவேன். முருங்கைக்காய மட்டும் கையில எடுத்துப் பாத்துட்டு வச்சிட்டு வந்துடுவேன், ஊர்ல பக்கத்து வீட்டு மரத்துல சும்மா பறிச்சத டாலர் குடுத்து வாங்க மனசே வரல.